பழைய ஆங்கிலத்தில் கூழை மோனை

ஆதி ஆங்கில இலக்கியம் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு படிக்கிறேன். ‘பியோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தில் அடிக்கடைசியில் இயைபு கிடையாது, முதலெழுத்து ஒன்றிவரும் என்று வகுப்பில் சொன்னார்கள். ஓர் அடியைக் கொடுத்து அலகிடச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.
— மாணவி, மார்த்தாண்டம்

மேல்நிலை வகுப்பில் படித்த தொடை விகற்பங்கள், அதாவது ஓர் அடிக்குள் எந்தெந்தச் சீர்கள் ஒன்றும் என்ற வகைகள், ஞாபகம் இருக்கிறதா? இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை… அவை கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய ஆங்கிலப் பாட்டின் ஓர் அடி நம்முடைய அளவடிக்குச் சித்தப்பா மகன் மாதிரி. நமக்கு நான்கு சீர், அவர்களுக்கு நான்கு அழுத்தம். நடுவில் ஒரு சிறு நிறுத்தம். அதற்கு இந்தப் பக்கம் இரண்டு அழுத்தம், அந்தப் பக்கம் இரண்டு.

பாட்டின் 4-ஆம் அடியைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

ஓஃப்ட் ஷுல்ட் ஷேவிங் — ஷெயதெனா த்ரேயட்டும்

‘ஷேஃப் வழிவந்த ஷுல்ட் பலமுறை பகைவர் கூட்டங்களிடமிருந்து’ என்பது பொருள். எதைப் பறித்தான் என்பது அடுத்த அடியில்தான் வரும்: அவர்களுடைய மதுமண்டப இருக்கைகளை. அதாவது, அவர்களின் அரசையே.

முதலில் அடியை இரண்டாக வெட்டுங்கள். அச்சுப் புத்தகத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். அடுத்து, ஒவ்வொரு பாதியிலும் கனமான இரண்டு சொற்களைக் குறியுங்கள். பெயர்ச்சொல்லும் பெயரடையும் முன்னுரிமை பெறும், வினை அதற்குப் பிறகு. ‘அவன்’, ‘இல்’, ‘உம்’ போன்ற சின்னச் சொற்களைத் தொடவே வேண்டாம். மேலே உள்ள அடியில் ‘ஓஃப்ட்’ (பலமுறை) தள்ளுபடி. ஷுல்ட், ஷே, ஷெய, த்ரே ஆகிய நான்கும் அழுத்தம்.

இனி நேராக மூன்றாவது அழுத்தத்துக்குப் போங்கள். அதுதான் ஆணி. அந்த ஓசை முதல் பாதியில் ஒரு முறையாவது வந்தே தீர வேண்டும், இரண்டு முறையும் வரலாம். நான்காவதில் மட்டும் வரக்கூடாது. மேற்கண்ட அடியில் 1, 2, 3 ஒன்றி, 4 விலகி நிற்கிறது. நம் கணக்கில் இது அச்சாகக் கூழை மோனை. 1-உம் 3-உம் மட்டும் ஒன்றினால் பொழிப்பு, அதுவும் செல்லும். 2-உம் 3-உம் ஒன்றுவதும் செல்லும், அதை நம் உரைகாரர்கள் இடைப்புணர் என்பார்கள். இணை (1, 2), ஒரூஉ (1, 4), மேற்கதுவாய் (1, 3, 4), கீழ்க்கதுவாய் (1, 2, 4) நான்கும் அங்கே செல்லாது. நாம் சிறப்பென்று கொண்டாடும் முற்று மோனை அவர்களிடம் பிழை. ஓசை மூன்றாவதில் உச்சிக்குப் போய் நான்காவதில் தணிந்தால்தான் கருத்து அடுத்த அடிக்குள் வழுக்கிக்கொண்டு போக முடியும். நான்கிலும் ஒன்றினால் அடி அங்கேயே முட்டி நின்றுவிடும்.

பிழை வருவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, கண்ணால் தேடுவது. வினைகளின் முன்னால் ஒட்டும் ‘யெ’ என்ற முன்னொட்டு பக்கத்துக்குப் பத்து வரும், அதற்கு அழுத்தம் கிடையாது, மோனையிலும் சேராது. இரண்டு, உயிரெழுத்து. அ-வுக்கு ஆ, ஐ, ஔ என்று நாம் இனம் பார்ப்போம். அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் ஒன்றும். ஆனால் ‘ஸ்ப’, ‘ஸ்ட’, ‘ஷ’ ஓசைகள் தம்மோடு மட்டுமே ஒன்றும், வெறும் ‘ஸ’ அவற்றுக்குப் போதாது. மூன்று, ‘க’வும் ‘ய’வும். பாட்டின் முதல் அடியில் ‘கார்தேனா’ என்பதும் ‘யெயர்தாகும்’ என்பதும் மோனை. எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. காது ஒப்பாவிட்டாலும் மரபு ஒப்புகிறது. நாம் ‘ச’வுக்குத் ‘த’வை மோனையாக எடுப்பதில்லையா, அது போலத்தான்.

அசைகளை எண்ண ஆரம்பித்துவிடாதீர்கள். ஷேக்ஸ்பியருக்கு எண்ணும் பத்து அசைக் கணக்கு இங்கே உதவாது. அசை கூடும், குறையும். அழுத்தம் நான்கு என்பதுதான் நிலையானது.

பியோவுல்ஃப் கதையை நம் வில்லுப்பாட்டு போலப் பாடினார்களா?
— வாசகர், இரணியல்

பாட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. டென்மார்க் அரசனின் ‘ஹெயொராட்’ மண்டபத்தில் ஒரு பாவலன் யாழோடு பாடுகிறான். அரக்கன் கிரெண்டல் தோற்ற மறுநாள் காலையில், குதிரை மேல் போகிற போக்கிலேயே ஒருவன் பியோவுல்ஃபின் வெற்றியைப் புதுப் பாட்டாகக் கட்டுகிறான். அந்த இடத்தில் கவிஞர் சொல்வதைக் கவனியுங்கள்: பழங்கதைகள் ஏராளம் நினைவில் உள்ளவன், சொல்லோடு சொல்லை முறையாகப் பிணைத்தான் என்கிறார். இந்தத் திறமைக்கு விளக்கம் வில்லடி மேடையிலேயே கிடைக்கும்.

கருவியும் கிடைத்திருக்கிறது. 1939-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே 27 மீட்டர் நீளக் கப்பலில் அடக்கம் செய்த 7-ஆம் நூற்றாண்டு அரசனின் புதையல். கப்பலின் மரம் மக்கிப் போய், மணலில் அதன் அச்சும் இரும்பு ஆணிகளின் வரிசையும்தான் மிச்சம். அதில் கிடைத்த மேப்பிள் மரத் துண்டுகளை முதலில் சிறு யாழாகப் பொருத்தினார்கள். பொருந்தவில்லை. பிறகு திருத்தி, ஆறு நரம்புள்ள ‘லைர்’ என்று கண்டார்கள். வீசுகோலும் குடமும் போலத் தாளம் முழக்கும் கருவி அல்ல, மடியில் வைத்து மீட்டுவது.

ஒற்றுமை கருவியில் இல்லை, சொற்கட்டில் இருக்கிறது. வில்லுப்பாட்டுப் புலவருக்கு ஒரு தெய்வத்துக்குப் பத்து அடைமொழி தயாராக இருக்கும், தாளத்துக்கு எது பொருந்துகிறதோ அது வாயில் வரும். ஆங்கிலத்தில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் கவிஞர் கேட்மன். வட இங்கிலாந்தில் விட்பி மடத்தின் மாட்டுக்காரர். விருந்தில் யாழ் தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாராம், பாடத் தெரியாது என்ற வெட்கத்தில். ஒரு நாள் கனவில் பாடு என்று கட்டளை வந்தது, பாடினார். 731-இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் பீட் என்ற துறவி எழுதி வைத்திருக்கும் செய்தி இது. அந்தப் பாட்டு ஒன்பதே அடி. அதற்குள் கடவுளை எட்டு முறை அழைக்கிறார். ‘நித்திய ஆண்டவர்’ மட்டும் இருமுறை வரும், மற்றவை எல்லாம் வேறு வேறு பெயர். மாதா மன்றாட்டுமாலை சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. ஆனால் காரணம் பக்தி மட்டும் அல்ல. ‘ம’ மோனை வேண்டிய அடியில் ‘மெட்டொட்’ (விதிப்பவர்) வருகிறார், ‘வ’ மோனை வேண்டிய அடியில் ‘வுல்டர்ஃபேடர்’ (மகிமையின் தந்தை) வருகிறார். பெயர்ப் பட்டியல் என்பது பாவலனின் கருவிப்பெட்டி.

இன்று கையில் உள்ள 3182 அடிகளும் அப்படியே மேடையில் கட்டியவை என்று சொல்லிவிட முடியாது. வாய்மொழி மரபில் ஊறிய ஒருவர் எழுத்தில் செய்த காப்பியம் என்பதே எங்கள் கட்சி. மறுகட்சியும் வலுவானதுதான்.

‘தி சீஃபேரர்’ என்ற பழைய பாட்டு மீனவரைப் பற்றியதா? கடலோரத்துக்காரனுக்குப் படிக்கும்படி இருக்குமா?
— வாசகர், குளச்சல்

மீனவர் இல்லை, கடலோடி. 124 அடி. முதல் பாதி உங்களுக்கு உடனே பிடிபடும்: இரவுக் காவல், பாறையை ஒட்டி அலைக்கழியும் கப்பலின் முன்முனை, குளிரில் மரத்துப்போன பாதம், ஆலங்கட்டி மழை. ஆனி-ஆடிக் கடலில் அந்தக் குளிரும் ஆலங்கட்டியும் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. மனிதச் சிரிப்புக்குப் பதில் கடற்பறவையின் கத்தல், மதுவுக்குப் பதில் கடற்காக்கையின் பாட்டு என்று அவன் எண்ணிப் பார்க்கிறான். நிலத்தில் சுகமாக இருப்பவனுக்கு இது தெரியாது என்று குத்துகிறான். இவ்வளவும் சொல்லிவிட்டு, மனசு மறுபடி கடலுக்கே இழுக்கிறது என்கிறான்! அந்தத் திருப்பம்தான் பாட்டின் உயிர். பிற்பாதி முழுக்க ஞானோபதேசம், ‘ஆமென்’ என்று முடியும். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1911-இல் மொழிபெயர்த்தபோது அந்த முடிவை வெட்டிவிட்டார். அவர் பெயர்ப்பை மட்டும் படித்து, இது கிறிஸ்தவக் கலப்பில்லாத பாட்டு என்று எழுதுவோர் உண்டு. ஏமாறாதீர்கள்.

மீனவர்தான் வேண்டுமென்றால் வேறொரு நூல் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, மடத்துச் சிறுவர்கள் லத்தீன் பேசிப் பழக ஓர் உரையாடல் எழுதினார். உழவன், இடையன், வேட்டைக்காரன் என்று ஒவ்வொருவராக வந்து தொழிலைச் சொல்வார்கள். ஒரு கைப்பிரதியில் லத்தீன் வரிகளுக்கு மேல் பழைய ஆங்கிலத்திலும் பொருள் எழுதியிருக்கிறது. மீனவன் முறை வரும்போது கேள்வி–பதில் இப்படிப் போகிறது: எப்படிப் பிடிக்கிறாய்? படகேறி வலை வீசுவேன், தூண்டிலும் கூடையும் போடுவேன். எங்கே விற்பாய்? பட்டணத்தில், பிடிப்பதைவிடக் கூடுதலாக விற்க முடியும், அவ்வளவு கிடைக்கவில்லை. கடலுக்கு ஏன் போவதில்லை? எப்போதாவது போவேன், நிறையத் தண்டு வலிக்க வேண்டும். மத்தி வகையைச் சேர்ந்த ஹெர்ரிங், சால்மன், சிப்பி, நண்டு என்று பட்டியல் நீளும். திமிங்கிலம் பிடிப்பாயா? மாட்டேன். ஒரே அடியில் என்னையும் கூட்டாளிகளையும் மூழ்கடிக்கிற மீனைவிட, நான் கொல்லக்கூடிய மீனே எனக்குப் போதும்.

காப்பியங்களில் வாளேந்திய வீரர்கள் நிறைய. கூலிக் கணக்கும் பயமும் சொல்லும் ஆள் அந்தக் காலத்து எழுத்தில் அபூர்வம். அதற்காகவே இதைப் படிக்கலாம்.

ஒரு கல்சிலுவையில் ஆங்கிலத்தின் பழைய பாட்டைச் செதுக்கியிருக்கிறார்களாமே? எப்படிச் செதுக்கினார்கள்?
— கல்தச்சர், மயிலாடி

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் ரத்வெல் என்ற சிற்றூர்த் தேவாலயத்துக்குள் நிற்கிறது. மணற்கல், உயரம் ஏறக்குறைய 18 அடி, காலம் 8-ஆம் நூற்றாண்டு. அகலமான இரண்டு முகங்களிலும் கிறிஸ்துவின் வரலாற்றுச் சிற்பங்கள், சுற்றிலும் லத்தீன். ஒடுக்கமான பக்கங்களில் திராட்சைக் கொடி, அதில் பறவையும் விலங்கும். அந்தக் கொடிச் சட்டத்தின் ஓரப்பட்டியில்தான் பாட்டு, ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில்.

ரூன் எழுத்துகள் நேர்க்கோடும் சாய்கோடுமாக இருக்கும். மரத்திலும் கல்லிலும் வெட்ட வளைவைவிட நேர்க்கோடு வசதி என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் அடுக்கிய விதத்தில். பட்டி ஒடுங்கியது என்பதால் ஒரு வரிசைக்கு இரண்டு, மூன்று, நான்கு எழுத்து மட்டும் வெட்டி, அடுத்ததை அதன் கீழ் வெட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். சொற்கள் கண்டபடி துண்டாகின்றன. பேச்சிப்பாறை என்ற ஊர்ப்பெயரை இரண்டிரண்டு எழுத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடுத்த சொல்லையும் இடைவெளி விடாமல் தொடர்ந்தால் எப்படியிருக்கும்? அந்தப் பாடு. எழுத்து வெட்டியது சிற்பம் செதுக்கிய பிறகா, கூடவேயா என்ற வழக்கும் இதனால்தான்.

பேசுவது சிலுவையே. ஆண்டவரைச் சுமந்ததையும், குனியத் துணியாமல் நின்றதையும், குருதியில் நனைந்ததையும் அது சொல்கிறது. 1640-களில் சிலை உடைப்புக் காலத்தில் இதைத் தள்ளி உடைத்தார்கள். ஊர்ப் போதகர் ஹென்றி டங்கன் துண்டுகளைச் சேர்த்து 1823-இல் நிறுத்தினார். குறுக்குத் துண்டு கிடைக்காததால் புதிதாகச் செய்து வைத்தார், ஆகவே இன்று காணும் குறுக்குக்கை பழையதல்ல. (சேமிப்பு வங்கி என்ற ஏற்பாட்டை 1810-இல் அதே ஊரில் தொடங்கியவரும் இவரே. உடைந்ததைச் சேர்க்கும் கை போலும்.) கெம்பிள் என்ற அறிஞர் 1840-இல் ரூன்களை ஆங்கிலப் பாட்டாகப் படித்தார். இத்தாலியின் வெர்செல்லி நகரத்துப் பேராலய நூலகத்தில் கிடைத்த பழைய ஏட்டில் அதே பாட்டு நீளமாக இருப்பது பிறகு தெரியவந்தது. கல்லில் வெட்டியதை ஏடு மெய்ப்பித்தது.

ஆல்ஃபிரட் என்ற ஆங்கில அரசர் தோமையாருக்கு இந்தியாவுக்குக் காணிக்கை அனுப்பினார் என்கிறார்கள். எங்கள் ஊர் அரப்பள்ளித் தேவாலயத்துக்கு வந்ததா?
— வாசகி, திருவிதாங்கோடு

குறிப்பு உண்மையாகவே இருக்கிறது. ‘ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிள்’ என்ற ஆண்டேட்டில் 883-ஆம் ஆண்டுக்கு நேராக: லண்டனில் டேனியர் படைக்கு எதிராகப் பாசறை போட்டிருந்தபோது நேர்ந்துகொண்ட காணிக்கையைச் சிகெல்மும் அதெல்ஸ்டானும் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமைக்கும் புனித பர்த்தலோமேயுவுக்கும் கொண்டுபோனார்கள்.

இனி எச்சரிக்கை. இந்த ஆண்டேட்டுக்குப் பல கைப்படிகள். எல்லாவற்றிலும் மிகப் பழைய படியில் இந்தச் செய்தியே இல்லை. வேறு சில படிகளில் ‘இந்தியா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘யூதேயா’ என்றிருக்கிறது, ஓரிரு எழுத்து வித்தியாசம்தான். இரண்டரை நூற்றாண்டு கழித்து மாம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி, ஷெர்போர்ன் ஆயர் சிகெல்ம் போய் மணியும் வாசனைப் பொருளும் கொண்டுவந்தார் என்று கதையை வளர்த்தார். ஆனால் அந்தப் பெயரில் அங்கே ஆயர் இருந்தது ஆல்ஃபிரட் 899-இல் இறந்து கால் நூற்றாண்டு கழித்து. ஆக, நேர்ச்சைச் செய்தியை ஏற்கலாம். ஆட்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு அந்தக் குறிப்பு சான்றாகாது. மயிலாப்பூரோ திருவிதாங்கோடோ அதில் இல்லை, வெறுமனே ‘இந்தியா’தான்.

மனிதர் வந்தாரோ இல்லையோ, நல்லமிளகு போயிருக்கிறது. மேலே சொன்ன பீட் 735-இல் சாகும் தறுவாயில், பெட்டியில் இருந்த சொற்ப உடைமைகளைச் சக துறவிகளுக்குப் பங்கிட்டார்: மிளகு, கைத்துணிகள், சாம்பிராணி. அவர் மாணவர் கத்பர்ட் எழுதிய கடிதத்தில் உள்ள பட்டியல் இது. அன்று ஐரோப்பா கண்ட மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் விளைந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பிப்பொர்’. லத்தீன் ‘பிப்பெர்’, கிரேக்கம் ‘பெப்பெரி’ வழியாக நம் பக்கத்துப் ‘பிப்பலி’யில் போய் நிற்கும் சொல்.

அந்தக் காலப் புத்தகங்களை எதில் எழுதினார்கள்? ஓலைபோல் அவற்றுக்கும் அழிவு உண்டா?
— சுவடி ஆர்வலர், தக்கலை

தோலில். செய்முறையை ஒரு விடுகதையே சொல்கிறது. எக்ஸெட்டர் பேராலயத்தில் உள்ள கவிதை ஏட்டில் தொண்ணூற்றுச் சொச்சம் விடுகதைகள் உண்டு. 1072-இல் இறந்த ஆயர் லெயோஃப்ரிக் கொடுத்த ஏடு அது. அதில் ஒன்றில் பொருள் தானே பேசுகிறது: பகைவன் ஒருவன் என் உயிரைப் பறித்தான், தண்ணீரில் நனைத்தான், வெயிலில் வைத்தான், மயிரெல்லாம் இழந்தேன், கத்தி என்னை வெட்டியது, விரல்கள் மடித்தன, பறவையின் மகிழ்ச்சி என்மேல் தடம் பதித்தது, மரச்சாயம் குடித்தது. விடை: விவிலிய ஏடு. பறவையின் மகிழ்ச்சி இறகுப்பேனா, மரச்சாயம் மை.

விடுகதை விட்டதை நாம் நிரப்பலாம். கன்றுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்குவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஈரமும் இழுப்பும் குறையாமல் பிறைக்கத்தியால் சுரண்டுவார்கள். இழுப்பு தளர்ந்தால் தோல் விறைத்துச் சுருங்கிவிடும், கத்தி சற்று ஆழ்ந்தால் ஓட்டை. சிறு ஓட்டையைத் தைப்பார்கள், அல்லது அதைச் சுற்றிக்கொண்டு எழுதுவார்கள். காய்ந்ததும் நுரைக்கல்லால் தேய்த்து, வெட்டி, மடித்து, பெரும்பாலும் எட்டு ஏடு கொண்ட கட்டுகளாகச் சேர்ப்பார்கள். ஓக் மரத்துக் காழ்க்காயோடு இரும்பு உப்பும் பிசினும் சேர்த்த மை. பீடின் மடத்தில் எழுதிய ஒரு முழு விவிலியம் 1030 ஏடு, எடை 34 கிலோ. கன்றுக்கு இரண்டு ஏடு என்று வைத்தால் ஒரு மந்தையே போயிருக்கும்.

ஓலையோடு ஒரு பெரிய ஒற்றுமை: பாட்டை அடிபிரித்து எழுத மாட்டார்கள். உரைநடை போல் தொடர்ந்து ஓடும், தலைப்பும் கிடையாது. ‘பியோவுல்ஃப்’, ‘சீஃபேரர்’ எல்லாம் பிற்காலப் பதிப்பாசிரியர் இட்ட பெயர். புள்ளியில்லாச் சுவடியைப் பிரித்துப் படித்தவருக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

அழிவு? பியோவுல்ஃபுக்கு உலகில் ஒரே படி, 1000-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு பேர் எழுதியது. 1939-ஆம் அடியில் கை மாறுகிறது. ராபர்ட் காட்டன் என்பவரின் சேகரிப்பில் இருந்தது. அவர் அலமாரிகளுக்கு மேல் ரோமப் பேரரசர்களின் சிலைகள். விட்டெலியஸ் சிலைக்குக் கீழே, முதல் தட்டில், 15-ஆவது புத்தகம். இன்றும் அதுவே அதன் முகவரி. 1731 அக்டோபர் 23-இல் லண்டனில் அந்தச் சேகரிப்பு இருந்த வீடு தீப்பற்றி, ஏடுகளைச் சன்னல் வழியாக வெளியே எறிந்தார்கள். இது பிழைத்தது, ஆனால் ஓரங்கள் கருகின. தோல் காகிதம்போல் எரிந்து முடியாது, சுருங்கி மொறுமொறுப்பாகும். அதனால் நெருப்பு அணைந்த பிறகும், ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் உதிர்ந்துகொண்டே இருந்தது. 1780-களில் தோர்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் இரண்டு நகல் தயாரித்தார். இன்று மூலத்தில் இல்லாத சுமார் 2000 எழுத்து அவற்றால் பிழைத்தது. 1807-இல் கோபன்ஹேகன் மீது பிரிட்டன் குண்டு வீசியபோது அவர் வீடும் பதிப்பு வேலையும் போயின, நகல்கள் தப்பின. 1845-இல் ஏடுகளைத் தனித்தனியே காகிதச் சட்டத்தில் ஒட்டியதும்தான் உதிர்வு நின்றது. சட்டத்தின் விளிம்பு பின்பக்கத்துச் சில எழுத்துகளை மூடிவிட்டது, அது வேறு கதை.

செல்லரிப்பும் உண்டு. அதே எக்ஸெட்டர் ஏட்டில் ஒரு பூச்சி விடுகதை: இருட்டில் வந்த திருடன் அறிஞனின் சொற்களை விழுங்கினான், விழுங்கியும் துளிகூட அறிவு கூடவில்லை.

‘யீ ஓல்டு’ என்று பழைய பாணிப் பலகைகளில் எழுதுகிறார்களே, அது பழைய ஆங்கிலமா?
— வாசகர், தோவாளை

இல்லை, எழுத்துக் குழப்பம். லத்தீன் எழுத்தில் ‘த’ ஓசைக்கு எழுத்து இல்லாததால், ஆங்கிலேயர் ரூனிலிருந்து ‘தார்ன்’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். நாம் ஜ, ஸ, ஹ-வுக்குக் கிரந்தத்தை நாடியது போல. பின்னாளில் கையெழுத்தில் அதன் உருவம் ‘ஒய்’ போலத் தேய்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அச்செழுத்துகளிலும் தார்ன் இல்லை, ‘ஒய்’யைப் போட்டு ஒப்பேற்றினார்கள். எழுதியவர் எவரும் ‘யீ’ என்று படித்ததில்லை, ‘தி’ என்றே படித்தார்கள்.

விளவங்கோட்டுத் தமிழில் மலையாளம் கலந்திருப்பதுபோல் பழைய ஆங்கிலத்திலும் கலப்பு உண்டா?
— ஆசிரியர், அருமனை

தாராளமாக. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்த வைக்கிங்குகள் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார்கள். முட்டைக்கான ‘எக்’, வானத்துக்கான ‘ஸ்கை’, சட்டத்துக்கான ‘லா’, எடு என்னும் ‘டேக்’ எல்லாம் அவர்கள் தந்தவை. ‘அவர்கள்’ என்ற ‘தே’கூட! பொருட்பெயரைக் கடன் வாங்குவது சந்தையில் நடக்கும். பிரதிப்பெயரை வாங்க வேண்டுமானால் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்க வேண்டும்.

பழையதும் உடனே சாகவில்லை. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் 1490-இல் எழுதுகிறார்: ஷெஃபீல்ட் என்ற வணிகர் ஒருவர் தேம்ஸ் கரையில் ஒரு பெண்ணிடம் ‘எக்ஸ்’ (முட்டைகள்) கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் அவள். வணிகருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. மற்றொருவர் முட்டைகளுக்கான பழைய சொல்லால் ‘ஐரென்’ என்றதும் அவளுக்குப் புரிந்தது. சென்னைக் கடையில் மரச்சீனி கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் விழிப்பார். மரவள்ளி என்றால்தான் தராசு எடுப்பார்.

சாசர் எழுதியது பழைய ஆங்கிலம்தானே?
— வாசகர், கருங்கல்

அல்ல. 1066-இல் நார்மானியர் வென்ற பிறகு மொழி உருமாறியது. 1400-இல் இறந்த கவிஞர் சாசர் இடைக்கால ஆங்கிலம், ஷேக்ஸ்பியர் தொடக்க நவீன ஆங்கிலம். சாசரை அகராதியோடு தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். பியோவுல்ஃபை அதன் இலக்கணத்தைப் படிக்காமல் ஓர் அடிகூடத் தாண்ட முடியாது. கூடவே இன்னொன்று: ஆங்கிலத்தின் முதல் காப்பியத்தில் இங்கிலாந்தே கிடையாது. கதை டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும் நடக்கிறது.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?
— வாசகி, பூதப்பாண்டி

பியோவுல்ஃபில் தொடங்காதீர்கள், நூறாவது அடியில் கை ஓய்ந்துவிடும். ஐந்தாறு அடிப் பூச்சி விடுகதை முதலில். அடுத்து கேட்மனின் ஒன்பது அடி. பிறகு 53 அடியில் ஒரு பெண் கணவனைப் பிரிந்து புலம்பும் பாட்டு. பாலைத்திணை படித்தவருக்கு எளிதில் ஒட்டும். அதன்பின் 115 அடி ‘வாண்டரர்’, 325 அடி மால்டன் போர். மால்டன் பாட்டுக்கு முதலும் முடிவும் இல்லை. மூல ஏடு அதே 1731 தீயில் போனது, அதற்குமுன் எடுத்த நகலால் இவ்வளவாவது மிஞ்சியது. இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் இன்றைய ஆங்கிலமும் உள்ள பதிப்பாக வாங்குங்கள். நாளுக்குப் பத்து அடி, முதலில் மூலத்தை உரக்க, மூன்றாம் அழுத்தத்தில் விரலால் ஒரு தட்டு. பொருளை அதற்குப் பிறகு பாருங்கள்.